வராதவர்களின் எண்ணிக்கை

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் இசக்கியம்மாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். மாவட்டப் புள்ளிவிவரக் கையேடு தயாரிக்கும் பிரிவில் இருக்கிறாள். குற்றாலத்துக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை எங்கிருந்தும் வந்து சேரவில்லை, மறுநாளைக்குள் அந்தப் பக்கத்தை முடித்தாக வேண்டும், என்ன செய்வது என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே பதிலும் சொன்னாள்.

“வழக்கம்போல போன வருஷத்து எண்ணுல கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கிடச் சொல்லுதாங்க மேடம். போட்டுரட்டுமா?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன்? இப்போது எல்லாமே கம்ப்யூட்டரில்தானாம். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகக் காட்டி அடுத்த பக்கத்தைத் திறக்க விடாதாம். ‘கிடைக்கவில்லை’ என்று எழுத அதில் இடமே இல்லையாம். எங்கள் காலத்தில் பொய் எழுத ஒரு மனிதன் வேண்டியிருந்தது. இப்போது அதை இயந்திரமே கேட்டு வாங்கிக்கொள்கிறது.

“போடாதே. எண் வரலைன்னு மேல எழுதிக் கொடு” என்றேன். திட்டுவார்களே என்றாள். அந்தக் கட்டத்தில் இப்படிக் கூட்டிப் போட்டதால் ஒரு மனிதன் பிழைப்பு போயிருக்கிறது என்று சொன்னேன். யார் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் மேலதிகாரியின் பெயரையும் மற்ற அலுவலகங்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. பயத்தால் அல்ல. ஒரு பெயரை எழுதினால், கெட்டவர் அவர் ஒருவர்தான் என்று மற்றவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொள்வார்கள்.

நான் இலஞ்சிக்காரி. கணக்கில் பட்டம் வாங்கி, தேர்வு எழுதி, திருநெல்வேலி ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் புள்ளிவிவரத் துறையில் சேர்ந்தேன். பயிற்சியில் என்னென்னவோ சூத்திரங்கள் சொல்லித் தந்தார்கள். முக்கால்வாசி மறந்துவிட்டது. மறக்காதது அச்சன்புதூர்ப் பக்கத்து வயல் ஒன்றில் நடந்தது.

விளைச்சலை மதிப்பிட அரசாங்கம் வயலில் சோதனை அறுவடை செய்யும். எந்த வயல், அந்த வயலில் எந்த இடம் என்பதைக் குலுக்கல் எண்தான் தீர்மானிக்கும். அந்த இடத்தில் முளை அடித்து, கயிறு கட்டி, சதுரத்துக்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போட வேண்டும். அன்றைக்கு எனக்கு வந்த எண், தண்ணீர் ஏறாத ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தியது. பாதி பதர். வயலின் சொந்தக்காரருக்கு அவமானமாகப் போயிற்று. கொஞ்சம் தள்ளி நல்ல இடத்தில் அடியுங்கள் என்று கெஞ்சினார். எனக்கும் தள்ளி அடித்தால் என்ன என்றுதான் தோன்றியது. கூட வந்த சீனியர் ஆய்வாளர் மட்டும் மசியவில்லை. முளை விழுந்த இடம் விழுந்த இடம்தான், உனக்குப் பிடித்த இடத்தில் அறுப்பதற்கு அரசாங்கம் எதற்கு என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் இந்த வேலையில் கற்க வேண்டியது அதிகம் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

எண்களைச் சேகரிப்பது ஒன்று, வாசிப்பது வேறு. ஒரு வட்டாரம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் முதலில் வங்கி வைப்புத்தொகையை எடுத்துக் காட்டுவார்கள். எங்கள் பகுதியில் அது ஏறிக்கொண்டே போகும். செழிப்பு என்று மேடையில் பேசுவார்கள். கொஞ்சம் யோசித்தால் தெரியும், அது வெளிநாட்டிலிருந்து வரும் பணம். இங்கே தறி நின்றதால்தான் ஆள் அங்கே போனான். தொகை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பேருக்கு இந்த மண்ணில் வேலை இல்லை என்று அர்த்தம். புளியங்குடியில் எலுமிச்சை விலை உச்சத்தில் என்று செய்தி வந்தால் விவசாயி கொழிக்கிறான் என்று எழுதுவார்கள். மரத்தில் காய் இல்லாததால்தான் விலை ஏறியது என்பதை யார் எழுதினார்கள்? நாள் முழுக்கப் பீடி சுற்றும் பெண்களை, ‘வீட்டில் சும்மாதான் இருக்காள்’ என்று கணவன் சொன்னதை நம்பி, வேலை செய்யாதவர் என்று குறித்துக்கொண்டு வந்த ஆய்வாளர்களை நான் பார்த்திருக்கிறேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டே அந்தப் பெண்ணும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள்.

அதனால் எந்த எண்ணைப் பார்த்தாலும், இது கூடினால் யாருக்குப் பெருமை என்று முதலில் கேட்டுப் பழகினேன். பெருமை உள்ள எண் தானாகவே கொழுக்கும். யாருக்கும் பெருமை இல்லாத எண்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

தென்காசி தனி மாவட்டம் ஆவதற்குச் சில வருடங்கள் முன்னால் அந்த அதிகாரி எங்களுக்கு மேலே வந்தார். வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர். அவரைப் போல மரியாதையான மேலதிகாரியை நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். கடைநிலை ஊழியரைக்கூட நீங்கள் என்றுதான் அழைப்பார். ஒரு கோப்போடு அவர் அறைக்குள் போனால் முதலில் உட்காரச் சொல்வார். காபி வரும். பிள்ளைகள் படிப்பை விசாரிப்பார். அதன் பிறகு நன்றாகச் சீவிய பென்சிலை எடுத்து, தாளில் ஏதாவது ஓர் எண்ணைச் சுற்றி மெல்லிசாக ஒரு வட்டம் போடுவார். “இது கொஞ்சம் இடிக்குதேம்மா” என்பார். அவ்வளவுதான். மாற்று என்று ஒருநாளும் சொன்னதில்லை. மறுநாள் கோப்பு திரும்பிப் போகும்போது அந்த எண் இடிக்காது. வட்டத்தையும் ரப்பரால் அவரே அழித்துவிடுவார்.

அவர் போட்ட வட்டங்கள் எல்லாம் இறங்கிய எண்களைச் சுற்றித்தான். அதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு துறையிலிருந்தும் வரும் எண்ணைப் போன வருடத்து எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். இறங்கியிருந்தால் ஏன் என்று மேலே இருந்து விளக்கம் கேட்பார்கள். ஏறியிருந்தால் யாரும் கேட்பதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்த அலுவலகத்துக்காரன் இறக்கி அனுப்புவான்?

இனி சாகுலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாகுல் ஹமீது என் தம்பியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவன். அப்பா நெசவு. தறித் தொழில் படுத்ததும் பையன் சவூதிக்குப் போனான். கிட்டங்கியில் சரக்குப் பொறுப்பாளராகத் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தான். இனிமேல் ஊரோடு இருந்துவிடுவது என்று முடிவு செய்து திரும்பி வந்தபோது, குற்றாலத்தில் சீசன் கடைகள் ஏலம் விடப் போவதாகக் கேள்விப்பட்டான். ஐந்தருவிப் பக்கம் அடுத்தடுத்து இரண்டு கடை. ஒன்றில் நேந்திரங்காய் வறுவல், மற்றதில் துண்டும் ஜட்டியும் எண்ணெயும். மனைவி ரஹ்மத்தும் கூட நிற்பதாகத் திட்டம்.

அவன் குருட்டுத்தனமாக இறங்கவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். வியாபாரத்தில் இறங்குவதற்கு முன்னால் கணக்குப் பார்க்க வேண்டும் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். அப்போது நான் சங்கரன்கோவில் பக்கம் பயிர்க் கணக்குப் பிரிவில் இருந்தேன். அவன் வந்தது எனக்குத் தெரியாது. அந்த அதிகாரியே உட்காரவைத்து, காபி கொடுத்து, கையேட்டை விரித்துக் காட்டியிருக்கிறார். வருடா வருடம் பயணிகள் கூடிக்கொண்டே வருகிறார்கள் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். பொதுமக்கள் புள்ளிவிவரத்தைத் தேடி வருவது தனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்றும் சொல்லியிருக்கிறார்.

உள்ளூர் வியாபாரிகள் அந்த வருடம் ஏலத்தில் பின்வாங்கியே நின்றார்கள். முந்தைய இரண்டு சீசனும் சுமார் என்று அவர்களுக்குக் கல்லாப்பெட்டி சொல்லியிருந்தது. இவன் கேட்ட தொகையைக் கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களாம். ஒருவர் மட்டும் அருகில் வந்து, அகலக்கால் வைக்காதீர் என்று சொல்லியிருக்கிறார். போட்டிக்காரன் பேச்சு என்று இவன் எடுத்துக்கொண்டான்.

அந்த ஆண்டு சாரல் ஏமாற்றிவிட்டது. ஆனி பிறந்து ஆடி வந்தும் மலை உச்சி பளிச்சென்று தெரிந்தது. பேரருவியில் பாறை காய்ந்து கிடந்தது. ஐந்தருவியில் இரண்டு கிளையில் கயிறு மாதிரி ஒழுகியது. அதன் கீழே குழந்தைகளை நிறுத்திப் போட்டோ எடுத்துவிட்டு, வந்த கொஞ்சப் பேரும் அன்றே திரும்பினார்கள். விடுதிக்காரர்கள் வாசல்களில் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். வறுத்த வறுவல் சிக்கு வாடை அடிக்கிறது என்று சாகுல் மூட்டை கட்டி மாட்டுக்குக் கொட்டினான்.

சீசன் முடியும் சமயத்தில் என்னைக் கையேட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் சேர்ந்த வாரமே சாகுல் என்னைத் தேடி வந்தான். சட்டைப் பையில் பேனா, கையில் கையேட்டின் நகல். சண்டை போட வரவில்லை. புரியாமல் வந்திருந்தான்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்கக்கா. போன வருஷம் இவ்வளவு பேர் வந்தாங்கன்னு போட்டிருக்கே, இவங்களை யாரு எண்ணுனது? அங்கன நிக்கிற எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் எண்ணலைங்காங்க.”

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பழைய கோப்புகளைப் புரட்ட அதிக நேரம் ஆகவில்லை. அந்த எண்ணை அனுப்ப வேண்டிய அலுவலகம் சில வருடங்களாகவே எதையும் அனுப்பவில்லை. நினைவூட்டுக் கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. எங்கள் ஆட்கள் முந்தைய வருடத்து எண்ணின் மேல் கொஞ்சம் ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். அடுத்த வருடம் அதன் மேல் இன்னும் கொஞ்சம். இதில் ஒளிவுமறைவே இல்லை. அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாருக்குமே அது தப்பாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சாகுலிடம் அப்படியே சொன்னேன். அவன் கையிலிருந்த நகலை என் மேஜைமேல் வைத்தான்.

“வதந்தியக் கேட்டு ஏமாந்தா என் புத்தியச் சொல்லலாம். இது கவர்மெண்டு புக்கு இல்லையாக்கா” என்றான்.

ஏலம் விட்ட அலுவலகத்தில் அவனும் வேறு சில கடைக்காரர்களும் மனுக் கொடுத்தார்கள். சீசன் பொய்த்துவிட்டது, மீதிக் குத்தகையைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று. அந்த அலுவலகம் எங்களிடம் கேட்டது: இந்த ஆண்டு பயணிகள் வருகை எப்படி, தெரிவிக்கவும். அந்தக் கடிதம் என் மேஜைக்கு வந்தது.

நான் எழுதிய குறிப்பில் இன்றைக்கும் ஒரு வரி மாற்ற மாட்டேன். பயணிகளை யாரும் எண்ணவில்லை என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். நேரடி எண் இல்லாதபோது பக்கத்து எண்களைப் பார்க்க வேண்டும். மழைமானிப் பதிவு எடுத்தேன், படுத்திருந்தது. சீசனுக்கு விடும் கூடுதல் பேருந்துகள் பாதியிலேயே நிறுத்தப்பட்டிருந்தன. விடுதிகளின் மின்சாரப் பயன்பாடு இறங்கியிருந்தது. கடைசியாக, அருவிப் பக்கத்திலிருந்து குப்பை அள்ளும் டிராக்டர் எத்தனை நடை போனது என்று கேட்டு வாங்கினேன். அதுவும் முந்தைய சீசன்களைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. நான்கும் ஒரே பக்கம் கை காட்டின. வருகை பெரிதும் குறைந்துள்ளது, முந்தைய ஆண்டுகளின் எண்களுக்கும் ஆதாரம் இல்லை என்று முடித்திருந்தேன்.

அதிகாரி உட்காரச் சொன்னார். காபி வந்தது. நான் குடிக்கவில்லை. அவர் குறிப்பை முழுக்கப் படித்தார், அவசரமே இல்லாமல்.

“ரொம்ப உழைச்சிருக்கீங்கம்மா. ஆனா குப்பையை வச்சு ஒரு ஊரை அளக்கலாமா?”

“குப்பை இவ்வளவு கூடிப்போச்சுன்னு பெருமையடிக்க யாருக்கும் ஆசை வராது ஐயா. அதனாலதான் அதை நம்புதேன்.”

சிரித்தார். பென்சிலை எடுத்தார். ‘குறைந்துள்ளது’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டார். எண்ணைச் சுற்றி அல்லாமல் ஒரு சொல்லைச் சுற்றி அவர் வட்டம் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

“இப்ப இறங்கிடுச்சுன்னு எழுதினா, இத்தனை வருஷம் எப்படி ஏறிச்சுன்னு கேப்பாங்க. இடிக்குதேம்மா.”

“கேக்கட்டும் ஐயா. நம்மளை நம்பி ஏலம் எடுத்தவன் வெறும் கடையில நிக்கான்.”

“அது ஒரு தனி மனுஷன் கதை. புள்ளிவிவரம் வேற, தனி மனுஷன் வேற. உங்களுக்கு நான் சொல்லணுமா?”

என் வேலைக் காலம் முழுவதிலும் நான் கேட்ட ஆகக் கொடுமையான பேச்சு அதுதான். தனி மனிதர்களை ஒவ்வொருவராகச் சேர்த்தால்தானே அது புள்ளிவிவரம்? வயலில் ஒரு சதுரம், தெருவில் ஒரு வீடு, கடையில் ஒரு விலை என்று வெயிலில் அலைந்து சேர்த்தது எதற்கு? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதையும் பொறுமையாகக் கேட்டிருப்பார். நான் திருத்த மாட்டேன், வேறு எண் அனுப்புவதாக இருந்தால் என் கையெழுத்து இல்லாமல் அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். காபி ஆறிவிட்டதே, வேறு கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

அவர் கையெழுத்திலேயே பதில் போயிற்று. பயணிகள் வருகை வழக்கமான வளர்ச்சியில் உள்ளது என்று. மனுதாரர்களுக்கு நட்டம் ஏற்பட்டதாகக் கருத முகாந்திரம் இல்லை என்று ஏலம் விட்ட அலுவலகம் மனுக்களைத் தள்ளியது. எனக்கு வேறு ஏதோ பழைய பயணப்படிப் பட்டியலைக் காட்டி விளக்கம் கேட்டு ஓர் ஓலை வந்தது. விளக்கம் கொடுத்தேன். பிறகு கடற்கரை மாவட்டம் ஒன்றுக்கு மாற்றல். பயணம் சொல்லப் போனபோது அவர் எழுந்து நின்று வழியனுப்பினார்.

மற்ற கடைக்காரர்கள் உள்ளூரில் வேரோடியவர்கள். அடித்துப் பிடித்து ஒரு மாதிரி எழுந்துவிட்டார்கள். சாகுலுக்கு அந்தச் சேமிப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. சர்க்கரை வியாதி இருந்தது. இருந்தும் பழைய முதலாளிக்குப் பேசி, மற்றவர்கள் திரும்பி வருகிற வயதில் இவன் மறுபடி போனான். பொறுப்பாளர் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் அதே கிட்டங்கியில் காவல்காரனாக.

லீவில் வந்தபோது ரஹ்மத்தைப் பார்க்கப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என்மேல் கோபமும் இல்லை. முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவங்க வருவாங்க வருவாங்கன்னு இருந்தேன். வந்தாங்க. ஒரு சீசன்கூட நெறைவா வீட்ல இருக்க விடலையே மதினி.”

இந்த வாக்கியத்தை எந்தக் கையேட்டின் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்த ஆண்டும் அவன் அனுப்பிய பணம் இங்கே வங்கியில் விழுந்திருக்கும். வைப்புத்தொகை ஏறியிருக்கும். மாவட்டம் செழிக்கிறது என்று யாராவது மேடையில் பேசியிருப்பார்கள்.

நான் ஓய்வு பெற்று இலஞ்சிக்கே வந்து சேர்ந்தேன். சென்ற வருடம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்காரப் போகும்போது யாரோ கோமதி அம்மா என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் அந்த அதிகாரி. பெண் வீட்டாருக்கு வேண்டியவராம். முடி முழுக்க வெளுத்திருந்தது. அதே குரல். எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம், இந்த அம்மா வேலையில் ரொம்பக் கறார், இவரைப் போல ஆட்கள் இருந்ததால்தான் எங்கள் துறைக்கு நல்ல பெயர் என்றார்.

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். கைகழுவும் இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். சாகுலை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையிலேயே நினைவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் அறையில் காபி குடித்தவன், நீங்கள் விரல் வைத்துக் காட்டிய வரைபடத்தை நம்பி ஏலம் எடுத்தவன், வயதான காலத்தில் பாலைவனத்தில் கதவுக்குக் காவல் நிற்கிறான், போன வருடம் காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், அதன் பிறகும் வேலைக்குப் போகிறான் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என் குரல் உயர்ந்ததில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கைக்குட்டையை எடுத்துக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது.

“அடப் பாவமே. நான் விசாரிச்சதா அவர்கிட்ட சொல்லுங்கம்மா” என்றார்.

சாகுல் வெள்ளிக்கிழமைகளில் என் தம்பிக்குப் போன் பேசுவான். சில சமயம் தம்பி என்னிடமும் கொடுப்பான். அந்த அதிகாரி விசாரித்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.